செட்டை மூடிய வண்ணத்துப்பூச்சி

குஞ்சு! என் தங்கச்சியை வீட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம். இப்போதும் கூப்பிடுவேன். செத்தவர்களைக் கூப்பிடக்கூடாது என்று மாமி சொல்கிறார். சொல்லட்டும்.

போர் நடந்து, கடலுக்குப் போகத் தடை இருந்த காலம் அது. குருநகர்க் கரையில் எங்கள் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவோடு தொழிலுக்குப் போன எனக்கு வேலை இல்லை. முற்றத்தில் தங்கச்சியோடு இருந்து, செவ்வரத்தைப் பூவுக்கு வரும் வண்ணத்துப்பூச்சிகளைப் பார்ப்பேன். அது எப்படிப் பறக்கிறது என்று அவள் ஒருநாள் கேட்டாள். எனக்குத் தெரிந்தது வள்ளம் மட்டும்தான்.

"ரெண்டு செட்டையும் துடுப்பு. காத்தை வலிச்சுக்கொண்டு போகுது."

"அப்ப ஏன் அண்ணை மேலை கொண்டுபோய் ரெண்டையும் ஒட்டுது? நீங்கள் துடுப்பை அப்பிடி ஒட்டுவியளே?"

"வாயாடி," என்றேன்.

அவள் விடவில்லை. ஒரு காலை அம்மா குப்பை கொளுத்திய புகைக்குள்ளால் வண்ணத்துப்பூச்சி ஒன்று போனது. செட்டைகள் மேலே சேரும்போதெல்லாம் புகை பின்பக்கமாகப் பீறிட்டது. அவள் துள்ளினாள்.

"கண்டனீங்களே? கை தட்டுது அண்ணை! கீழை அடிச்சு எழும்புது. மேலை தட்டி, நடுவிலை இருக்கிற காத்தைப் பின்னுக்குப் பிதுக்கிப்போட்டு முன்னுக்குப் போகுது."

உள்ளங்கைகளைக் குழித்து என் முகத்துக்கு முன்னால் தட்டினாள். காற்று மூக்கில் அடித்தது.

"தட்டையாத் தட்டினால் இவ்வளவு காத்து வராது. செட்டையும் இப்பிடித்தான் குழியுது. பாருங்கோ, துடுப்புக்காரர்!"

அந்த மாரியில் அவளுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து வரும், வரும் என்றார்கள். வரவில்லை. அவள் போய்விட்டாள்.

அவளைப் புதைத்த சேமக்காலையில் நட, பழைய வள்ளப் பலகையில் சிலுவை செய்தோம். வள்ளங்களுக்குப் பெயர் எழுதும் மாமா அதில் ஒரு வண்ணத்துப்பூச்சியை வர்ணத்தால் கீறினார், செட்டை விரித்தபடி. மூடிக் கீறச் சொன்னேன்.

"மூடினால் செத்த பூச்சி மாதிரியெல்லோ இருக்கும், மருமோன்."

"மூடேக்கைதான் மாமா அது முன்னுக்குப் போகுது."

"சிலுவையிலை பூச்சி கீறுறதே பிழை. அதுக்குள்ளை உவனுக்கு மூடினது வேணுமாம்," என்றார் மாமி. "சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவள் தன்ரை கண்ணாலை கண்டது. விரிச்சுக் கீறினால் நான் சுரண்டிப்போடுவன்."

மாமா துணியை எடுத்து, கீறியதைத் துடைத்தார்.

இப்போது சேமக்காலைக்கு வருகிறவர்கள் அந்தச் சிலுவையைப் பார்த்து, "ஐயோ, செட்டை மூடிப்போச்சே, பாவம்" என்று உச்சுக்கொட்டுகிறார்கள். ஒவ்வொருவரையும் மறித்து, அது பறக்கிற விதத்தைச் சொல்கிறேன். விசரன், பைத்தியம் என்று நினைத்தாலும் சரி. 'பாவம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக விடமாட்டேன். அவள் கெட்டிக்காரி. நீங்களும் அதைச் சொல்லிவிட்டு, எல்லாரும் அவளுக்காக மாதாவிடம் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள்.