ஏகாம்பரத்துக்கு ஒற்றை முத்திரை

பதினேழு பேருக்கு வந்த கடிதங்களை அரசு பிரித்துப் படித்தது. அந்த ரகசியத்தை வெளியே சொன்னவன் நான்தான். ஆனால் பதினாறு பேரை மட்டுமே எச்சரித்தேன்... இதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. இன்று உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

நெருக்கடி நிலைக் காலம். பட்டாபிராம் பக்கம் ஒரு சிறு தபால் நிலையத்தில் எழுத்தராக இருந்தேன். ஓர் அதிகாரி பட்டியலோடு வந்தார். பதினேழு பெயர்கள், எல்லோரும் தொழிற்சாலைக் குடியிருப்புக்காரர்கள். அவர்களுக்கு வரும் கடிதங்களை அவரிடம் கொடுக்க வேண்டும். படித்து, ஒட்டி, மறுநாள் திருப்பித் தருவார். அதன் பிறகே எங்கள் தேதி முத்திரையைக் குத்த வேண்டும். ஒரு நாள் தாமதம் யாருக்கும் தெரியக்கூடாது!

ரகசியம் காப்பதாக உறுதிமொழி கொடுத்தவன்தான் நான். ஆனால் நீங்களே சொல்லுங்கள்... பிறர் கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் பிரிப்பவரின் ரகசியத்தை நான் ஏன் காக்க வேண்டும்?

எட்டு நாள் பொறுத்தேன். ஒன்பதாம் நாள், திரும்பி வந்த கடிதங்களில் இரண்டு முத்திரை குத்தினேன். முந்தின நாள் தேதியில் ஒன்று, அன்றைய தேதியில் ஒன்று. தொழிற்சங்கக்காரர் செல்வராசு தபால்தலை வாங்க வந்தபோது தணிந்த குரலில் சொன்னேன்: "நம்ம ஆபீஸ் முத்திரை ரெண்டு இருந்தா யாரோ படிச்சிட்டாங்கன்னு அர்த்தம். ஒண்ணுன்னா பயமில்லை."

"அடி சக்கை! ஒண்ணுந் தெரியாத மாதிரி மூஞ்சிய வச்சிகினு... இன்னா ஆளு மாமே நீ!" என்றார்.

ஒரே வாரத்தில் குடியிருப்பு முழுவதும் பரவிவிட்டது. பிறகு வந்த கடிதங்களில் மழையும் கன்றுக்குட்டியும் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு தாய் மகனுக்கு எழுதியிருந்தாள்: 'இதைப் பிரிக்கும் ஐயாவும் வேளைக்குச் சாப்பிடவும்.' அதிகாரி முகம் சிவக்க அதை என்னிடம் நீட்டினார். சிரிப்பை எப்படித்தான் அடக்கினேனோ! பதினாறு பேரில் ஒருவர்கூடச் சிக்கவில்லை. நினைத்தால் எண்பத்தொரு வயதிலும் மார்பு விம்முகிறது!

பதினேழாவது ஆள் ஏகாம்பரம். கவுன்டரை இரண்டு நிமிடம் முன்னதாக மூடினேன் என்று என்மீது புகார் எழுதியவன். என் கடிகாரப்படி ஒரு நிமிடம்கூட இல்லை! அவன் கடிதங்களில் மட்டும் ஒரே முத்திரை குத்தினேன். மாட்டட்டும் என்று நினைத்தா? அவ்வளவு தூரம் யோசித்தேனா?... யோசித்தேன்.

அந்த ஒற்றை முத்திரையை அவன் நம்பினான். தன் தபாலுக்குப் பயமில்லை என்று, தலைமறைவாக இருந்த தம்பிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். தம்பி தன் இருப்பிடத்தை எழுதினான். அந்தக் கடிதத்தையும் நானேதான் அதிகாரியிடம் கொடுத்தேன். பதினொரு மாதச் சிறை. திரும்பியபோது தம்பிக்கு வலது காது கேட்கவில்லை.

எல்லாம் முடிந்த பின் குடியிருப்பில் எனக்கு மாலை போட்டார்கள். ஏகாம்பரமும் வந்தான், தம்பியோடு.

"எனக்கு மட்டும் ஒண்ணுதானே குத்தினே... மறந்துட்டியா நைனா?"

"மறந்துட்டேன்" என்றேன்.

"வுடு. அம்மாந் தபால்ல ஒண்ணு ரெண்டு தவறத்தான் செய்யும்." தம்பியின் இடது காதருகே குனிந்து, "அண்ணாத்தே மறந்துட்டாராம்டா!" என்று உரக்கச் சொன்னான்.

அவனுக்கு வந்தவை பத்தொன்பது கடிதங்கள். பத்தொன்பதையும் எண்ணி எண்ணித்தான் மறந்தேன்.