எண்ணூர் சாலையில் ஒரு கேசட்டைத் துரத்தி

காலை 5.50. காட்பாடி ரயில் நிலையம். வண்டி பத்து நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நடைமேடையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூன்று தடவை அளந்துவிட்டேன். உட்கார்ந்து காத்திருப்பது எனக்குப் பிறவியிலேயே வராத ஒன்று. நடுநடுவே சட்டைப்பையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உள்ளே ஒரு கேசட் இருந்தது.

இது 2006. எங்கள் ஊரில் கேசட்டைச் சீந்த ஆளில்லை. கடைத்தெருப் பாட்டுக் கடைக்காரர் இருந்த சரக்கையெல்லாம் போன மாதம் மூட்டையாகக் கட்டி விற்றுவிட்டார். யார் வாங்கினார்கள் என்று கேட்டால், மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கிற டிரெய்லர் டிரைவர்கள் என்கிறார். சிடி வந்து அடக்கம் செய்துவிட்ட சாமானை இவர்கள் எதற்குத் தோண்டி எடுக்கிறார்கள்? எங்கள் ஊர்ச் சிறுபத்திரிகைக்கு எழுதலாமே என்று சேகர் என்கிற டிரைவரின் நம்பரை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பையிலிருந்த கேசட் வேறு விஷயம். எங்கள் மகள் தொட்டிலில் கிடந்த காலத்தில் என் மனைவி கோமதி பாடிய மூன்று தாலாட்டுகள் அதன் பி பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. அதில் குரல் நரம்பு கெட்டுவிட்டது. இப்போது பேசினால் பாதி காற்று, பாதி கரகரப்பு. பெங்களூரில் இருக்கும் மகளுக்கு, எங்களுக்கு இன்றும் அவள் பாப்பாதான், அடுத்த மாதம் பிரசவம். அம்மா பாடினது வேண்டும் என்று போனில் என்னிடம் சொல்கிறாள். எங்கள் வீட்டு டேப் நாடாவைத் தின்கிறது, மெட்ராஸ் கல்மண்டபத்தில் கேசட் பிரதி எடுக்கிற கடை இன்னும் இருக்கிறதாம். கோமதி பீரோவிலிருந்து கேசட்டை எடுத்துக் கொடுக்கும்போது, "தொலைச்சுட்டு வந்து நிக்காதீங்க" என்றாள். அந்தக் குரல் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

காலை 9.40. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்து விம்கோ நகரில் இறங்கினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கிருந்து கடலோரச் சாலைக்கு ஷேர் ஆட்டோ, அதுவும் ஐந்து ரூபாய். சாலையில் கால் வைத்ததும் எனக்குத் தலை சுற்றியது. கண்ணுக்கெட்டிய தூரம் டிரெய்லர்கள், ஒன்றின் முதுகைப் பார்த்து இன்னொன்று, அத்தனையும் நின்றுகொண்டிருந்தன. ஒரு பக்கம் கடல். காற்றில் உப்பும் டீசலும் மீனும்.

சேகருக்கு நாற்பது வயதிருக்கும். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டுவாசி. கதவைத் திறந்து, "ஏறிக் குந்து சார். கேட்டுக்குப் போவ இன்னும் எட்டு கிலோமீட்டர் கீது. இன்னிக்குப் பூரா பேசலாம்" என்றார். துறைமுக வாசலை அவர்கள் கேட் என்கிறார்கள்.

ஏன் கேசட் என்று கேட்டேன்.

"சிடியும் வெச்சிப் பாத்துட்டேன் சார். இந்த ரோட்ல ஒரு பள்ளத்துல எறங்கனா பாட்டு நின்னுக்கும். அடுத்த பள்ளத்துல வேற பாட்டு பாடும். தூசி வேற பூந்துக்கும். பேஜாரு. கேசட்டுன்னா வண்டியே கவுந்தாலும் பாடிகினு கெடக்கும்."

இவர் மட்டுமில்லை, வரிசையில் பாதிப் பேர் சிடி பிளேயரைக் கழற்றிக் கடாசிவிட்டுப் பழைய டேப்பை மறுபடி மாட்டியிருக்கிறார்களாம். நோட்டில் எழுதிக்கொண்டேன். என்னுடைய கேசட்டையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பெருமையாகக் காட்டினேன். "டீ சாப்ட்டு வந்து போட்டுக் கேக்கலாம் சார்" என்றார். நானும் அதை ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த பலகையில் வைத்துவிட்டு அவரோடு இறங்கிப் போனேன். டீ மூன்று ரூபாய்.

காலை 10.30. திரும்பி வந்து பார்த்தால் என் கேசட் இல்லை. அதே இடத்தில் வேறொரு கேசட் இருந்தது, மேலே பச்சைப் பெயின்டில் ஒரு பொட்டு.

சேகர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "அந்தோணி வந்து மாத்திகினு போயிக்கீறான். பச்சைப் பொட்டு அவன்து."

"என்னய்யா இது, கேட்காமல் கொள்ளாமல் எடுத்துப் போவதா?"

"பொட்டி இல்லாம பலகை மேல வெச்சா எட்த்துக்கோன்னு அர்த்தம் சார். ஒண்ண எட்த்தா தன்னுது ஒண்ண வெச்சிட்டுப் போவணும். நாள் பூரா நிக்கறோம், ஒரே பாட்ட எத்தினி தபா கேக்கறது? லைன்ல எல்லாரும் அப்டித்தான். வேணான்றவன் பொட்டில போட்டு வெப்பான்."

வரிசையின் சட்டம் இது. அந்தோணி அதன்படி ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறார். பெட்டியைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு கேசட்டை வெளியே விட்ட மடையன் நான். விஷயத்தைச் சொன்னதும் சேகர் முகம் மாறியது.

"ஓடு சார். அவனுக்குப் பழய பாட்டு புடிக்கலன்னா கல்மண்டபத்துக் கடைல குட்த்து மேலயே புதுசு ஏத்திக்குவான்."

"அழிக்கக் கூடாதென்று மேலே இருக்கும் பிளாஸ்டிக் முனையை உடைத்துவிட்டேனே."

"காயிதத்த மடிச்சிச் சொருகனா ஏறிக்கும் சார். நீலக் கலர் வண்டி. சீக்கிரம் போ."

காலை 10.45. நான் ஓடினேன். ஐம்பத்து மூன்று வயதில், கையில் பையோடு, நிற்கிற லாரிகளின் ஓரமாக. நீல வண்டி தெரிந்தால் ஏறி எட்டிப் பார்ப்பது, "அந்தோணியா?" என்று கேட்பது, இறங்குவது. ஆறு நீல வண்டிகளில் ஏறி இறங்கினேன். ஒருவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். இன்னொருவர், "அந்தோணி காசிமேட்டாண்ட போய்ட்டான்பா, லைன் நகந்துது பாரு" என்றார். நான் டீக்கு நின்ற நேரத்தில் முன்பகுதி நகர்ந்திருக்கிறது. என் மேலேயே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். எட்டு ரூபாய். ஏழாவது ஆள் வரும்வரை எடுக்க மாட்டேன் என்றார் ஓட்டுநர். இரண்டு பேர் காசை நானே தருகிறேன், எடுங்கள் என்றேன். "அப்டி இன்னா அவசரம் நைனா?" என்று சிரித்தபடியே எடுத்தார்.

காலை 11.35. காசிமேட்டில் நீல வண்டி நின்றிருந்தது. உள்ளே கிளீனர் மட்டும் இருந்தார். "அண்ணன் பாட்டு ஏத்தக் கல்மண்டபம் போயிக்கீது" என்றார். மீன் கூடைகளுக்கு நடுவே மறுபடி ஓட்டம். ஒரு அம்மாள் என்னைத் திட்டியது காதில் விழுந்தது, நியாயமான திட்டுதான்.

காலை 11.55. கடை ஒரு ஆள் அகலம். வாசல் ஸ்டூலில் கழுத்தில் ஜெபமாலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். "அந்தோணியா?" என்றேன். ஆமாம் என்றார். உள்ளே இருட்டு. ரெக்கார்டரின் கண்ணாடிக்குப் பின்னால் என் கேசட், அதன் தலையில் மடித்த காகிதம்.

"ஏத்த ஆரமிச்சி அஞ்சு நிமிசம் ஆயிருக்கும். கரன்ட் பூடுச்சி" என்றார் கடைக்காரர்.

எந்தப் பக்கம் என்று கேட்டேன். பி பக்கம் என்றார்.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தோணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து நின்றார். "ஏ பக்கம் மட்டுந்தான் கேட்டேன் சார், ரேடியோ பாட்டு கரகரன்னுச்சி. அந்தப் பக்கம் போட்டுப் பாக்கல. மாதா மேல சத்தியமா தெரியாது" என்றார். அவர் மீது கத்த வேண்டும் என்று வழி முழுக்க வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். மின்சாரம் எப்போது வரும் என்று மட்டும் கேட்டேன்.

பகல் 12.20. மின்சாரம் வந்தது. கடைக்காரர் பி பக்கத்தைச் சுற்றி ஓடவிட்டார். முதலில் குத்துப்பாட்டு, தெருவே அதிரும் மேளம். பட்டென்று மேளம் அறுந்தது. இரண்டாவது தாலாட்டின் முதல் வரியைக் கோமதி பாடத் தொடங்கியிருந்தாள். முதல் பாட்டு போய்விட்டது, இரண்டு மிஞ்சியது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அந்தோணி எனக்கு ஒரு சோடா வாங்கி வந்தார். மூன்று பேரும் கடைசிவரை கேட்டோம்.

"இப்ப பாட மாட்டாங்களா சார்?"

குரல் போய்விட்டது என்றேன்.

"பேசுவாங்கல்ல?"

"பேசுவாள். கேட்க நன்றாக இருக்காது."

"எம்பொண்டாட்டி பேசனா மட்டும் நல்லாவா இருக்கும்? ஒரு தபா அது திட்டும்போது அதுக்குத் தெரியாம பதிஞ்சி வெச்சிகினேன். நைட்ல தூக்கம் வந்தா அதான் போட்டுகினு ஓட்டுவேன். உன்னுது இப்பப் பேசறது எதுனா பதிஞ்சி வெச்சிக்கிறியா?"

இல்லை என்றேன். இரண்டு வருடத்தில் அப்படி ஒரு எண்ணமே எனக்கு வந்ததில்லை. பழைய குரலுக்காக எட்டு கிலோமீட்டர் அல்லாடியவன் நான்.

பிரதி எடுக்க முப்பது ரூபாய் ஆயிற்று. அந்தோணி தருகிறேன் என்றார், நான் விடவில்லை. இருபத்தைந்து ரூபாய்க்கு ஒரு வெற்றுக் கேசட்டும் வாங்கினேன். டேப்பின் தலையைக் கடைக்காரர் பஞ்சால் எப்படித் துடைப்பதென்று காட்டிக் கொடுத்தார், அப்படிச் செய்தால் நாடாவைத் தின்னாதாம். மூன்றரை மணி ரயிலில் கூட்டம். நின்றபடியே வந்தேன்.

மறுநாள் காலை 10.00. காட்பாடி. எங்கள் தெருவில் லாரி வராது, கடல் கிடையாது, பகலில் மின்விசிறி ஓடும் சத்தம்தான் பெரிய சத்தம். நடந்ததைக் கோமதியிடம் ஒளிக்காமல் சொன்னேன். "ரெண்டு இருக்குல்ல, போதும்" என்றாள். நான் டேப்பைத் துடைத்து, புதுக் கேசட்டைப் போட்டு, சாப்பாட்டு மேஜையில் அவள் முன்னால் வைத்தேன்.

"பாப்பாவுக்கு ஏதாவது பேசு."

"இந்தக் குரல்லயா?"

"இந்தக் குரலில்தான்."

பதிவுப் பொத்தானை அழுத்தினேன். நாற்காலியை மேஜையருகே இழுத்துக்கொண்டாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்தில் குனிந்து, மெதுவாகப் பேசினாள்.

"பாப்பா, அம்மா பேசறேன். நீ போன் பண்றப்பல்லாம் அம்மா தூங்கறா, அம்மா குளிக்கறான்னு அப்பா சொல்றாரே... நான் அவர் பக்கத்துலதாம்மா நிக்கறேன்."