பஸ்ஸுக்குள் நடந்த நரி வழக்கு

லியான் பக்லி, கோதுமை விளையும் வில்லாரா ஊரின் பள்ளி பஸ்ஸை ஓட்டுபவள். விடுமுறை விட்டால் அவளுக்கும் ஓய்வுதான், ஆனால் சும்மா இருக்கத் தெரியாத பிறவி. பண்ணைக்கு ஒன்றாய்ச் சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் இரண்டு வாரம் நாயோடும் ஆட்டோடும் பேசிக்கொண்டிருப்பது பொறுக்காமல், ஏழு வருடத்துக்கு முன் விடுமுறை நாடகத்தைத் தொடங்கினாள். நாடகம் பற்றி அவளுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை. வருடம் முழுக்க அடித்துக்கொள்ளும் பயல்கள் சேர்ந்து உட்கார்ந்து அட்டையில் மரம் வெட்டினார்கள், அது போதாதா?

இந்த ஏப்ரல் நாடகம், கோழி திருடிய நரிமேல் வழக்கு. சாட்சி சொல்லும் காகம் ஒன்பது வயது பிரைடி. அவளுக்குப் பேச்சு திக்கும். அவள் அப்பா டேரல் பாசக்காரன். மகள் ஒரு சொல்லில் திணறினால் போதும், மீதியை அவனே சொல்லி முடித்துவிடுவான். ஒத்திகையில் மட்டும் யாரும் முந்திக்கொள்ளவில்லை. காகம் சொல்லாமல் வழக்கு நகராதே! பத்து நாளில் நான்கு வரி அவள் வசமானது.

"அப்பா கேக்கணும். க... கடைசி வரைக்கும்," என்றாள் லியானிடம்.

வெள்ளிக்கிழமை அரங்கேற்றம். வியாழக்கிழமை மழை கொட்டியது, நான்கு மாதமாக ஊரே வானத்தைப் பார்த்துக் காத்திருந்த மழை. ஈரம் காயுமுன் கோதுமை விதைத்தாக வேண்டும். இதை யோசிக்காமல் ஏப்ரல் கடைசியில் லியான் நாள் குறித்தாளே, இவளும் ஒரு கோதுமைக்காரன் மகள்! ஊர் மன்றத்தில் நாடகம் பார்க்க ஆறேழு அம்மாக்கள் இருந்தார்கள். அப்பா ஒருவர்கூட இல்லை, எல்லாரும் வயலில் டிராக்டர்மேல். பிரைடி அட்டைச் சிறகைக் கழற்றத் தொடங்கினாள். லியான் பஸ் சாவியை எடுத்தாள்.

"ஏய், கழட்டாதடி! எல்லாரும் பஸ்ல ஏறுங்க."

"எதுக்கு? டிராக்டர துரத்தப் போறோமா?" என்றது நரி.

"வாய மூடுடா கோழித் திருடா. ஏறு."

பஸ்ஸில் ஒரு ரேடியோ உண்டு. வட்டாரத்தின் எல்லா டிராக்டரிலும் அதுவே. பொத்தானை அழுத்திப் பேசினால் அத்தனை பேருக்கும் கேட்கும். விரலை எடுக்கும்வரை மற்றவர் பேச்சு கேட்காது.

லியான் ரேடியோவில் அப்பாக்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு மைக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். நரி சத்தியம் செய்தது. நீதிபதி ஆட்டுக்கடா அதட்டியது. மைக் பிரைடி கைக்கு வந்தது.

"நான் பா... பா..."

நின்றுபோனது. பஸ்ஸில் ஒருவரும் முந்திக்கொள்ளவில்லை. பிரைடி பொத்தானை விடவுமில்லை. அங்கே டேரல் அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு தவித்திருப்பான். சொன்னாலும் இங்கே கேட்காது.

"...பாத்தேன். அவன்தான் கோழிய தூக்கினான். அவன் பல்லுல இறகு இருக்கு. ப... பயத்துல இத்தன நாள் சொல்லல."

விரலை எடுத்தாள்.  இரைச்சலுக்கு நடுவே டேரலின் குரல், கரகரத்து வந்தது.

"பிரைடி... டிராக்டர நிறுத்திட்டேன்டா கண்ணு. மறுபடி முதல்லேருந்து சொல்லு. நீ முடிக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்கமாட்டேன்."