என் ஈரலுக்குக் கரும்புச்சாறு

எங்கள் தொழிற்சாலையில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வருஷம் ஒருமுறை உடம்பைச் சோதிப்பார்கள். ராமச்சந்திராபுரம் குடியிருப்பில் எங்களுக்கு அது அரை நாள் விடுமுறை மாதிரி. எண்பதுகளின் கடைசியில் ஒரு சோதனையில், டாக்டர் என் வலது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தினார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு மறுபடி அழுத்தினார்.

நகரத்துக்கு அப்போதுதான் வந்திருந்த ஸ்கேனுக்கு அனுப்பினார். படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை பெக் என்று கேட்டார். தொட்டதே இல்லை என்றேன். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று சிரித்தார். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். உங்களைவிட உங்கள் ஈரலுக்கு வயது அதிகம் என்றார்.

அது போதாதா எனக்கு? குக்கர் மூன்றாவது விசில் அடிக்கத் தாமதித்தாலே எழுந்து போய்ப் பார்க்கிற பயந்தாங்கொள்ளி நான். என் அப்பாவும் குடிக்காதவர்தான். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஐம்பதைப் பார்க்காமலே போனார். எனக்கு நாற்பத்தைந்து. கம்பெனி பஸ்ஸில் வயிற்றைத் தடவிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மனைவி என்னை உற்றுப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லுங்க. அந்த கிளப்புல போயி..."

"சத்தியமா இல்லை."

நம்பிவிட்டாள். நம்பியதும் தனக்குத் தெரிந்த வைத்தியத்தில் இறங்கினாள். ஈரல் கோளாறு என்றாலே தமிழ்நாட்டில் எங்கள் பக்கத்தில் காமாலைதான். காமாலைக்குக் குளுக்கோஸும் கரும்புச்சாறும். "ஈரலுக்குத் தெம்பு வேணுங்க" என்று காலையில் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் பஸ் நிறுத்தத்து வண்டியிலிருந்து தூக்கு நிறையக் கரும்புச்சாறு. எண்ணெயை அறவே நிறுத்திவிட்டு, அதற்கு ஈடாக இன்னொரு கரண்டி சோறு போட்டாள். நடக்கவே விடவில்லை. மிஞ்சிய சாற்றை மகளிடம் நீட்டினால் அவள் இந்த ஊர் உருதுவில் "நக்கோம்மா", வேண்டாம்மா என்று ஓடிவிடுவாள். கொட்ட மனசு வராமல் மனைவியே குடிப்பாள்.

நான் தினமும் கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை இழுத்து, மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சம்பழச் சாதத்தைக் கண்டால்கூட அப்பாவின் கண் ஞாபகம் வந்தது.

அடுத்த ஸ்கேனில் கொழுப்பு கூடியிருந்தது. இந்த முறை டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கரும்புச்சாறு என்றதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். மிதமிஞ்சிய சர்க்கரையைத்தான் ஈரல் கொழுப்பாக்கி வைத்துக்கொள்கிறது என்றார்.

"நானே உங்களுக்கு எமனாயிட்டேனே" என்று மனைவி அழுதாள். மறுநாளே சோறு ஒரு கரண்டியாகச் சுருங்கியது. விடியற்காலையில் டவுன்ஷிப் ரோட்டில் என்னை விரட்டி விரட்டி நடக்க வைத்தாள். அடுத்த வருஷம் ஈரல் தேறியிருந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வருஷாந்திரச் சோதனை எனக்கு மட்டும்தான். அவளைப் படுக்க வைத்து ஸ்கேன் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

பல வருஷங்களுக்குப் பிறகு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில், அவள் ஈரல் இறுக ஆரம்பித்திருப்பது தெரிந்தது. இளம் டாக்டர், நம் தமிழ்ப் பையன், பொறுமையாக விளக்கினான். கொழுப்பிலேயே நெடுநாள் கிடக்கிற செல்களில் சில சீக்கிரம் கிழடாகிவிடுமாம். அவை பெருகாது, சாகவும் சாகாது. சும்மாவும் இருக்காமல் பக்கத்துச் செல்களையும் கெடுக்குமாம்.

"இவரு ஆபீஸ்ல அப்படி நிறையப் பேரு உண்டு" என்றாள் அவள். டாக்டர் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வீட்டுல என்னம்மா சாப்பிடுவீங்க?"

"தனியா என்ன தம்பி? இவருக்குப் போக மிஞ்சினதைத்தான்."

வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப என் ஈரலுக்கு என்ன வயசிருக்கும்?"

இப்போது காலை நடைக்கு அவளையும் அழைத்துப் போகிறேன். வெயில் ஏறியதும் ஏதாவது பேச்சுக் கொடுத்து அவளை என் பக்கம் திரும்ப வைத்து, கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.