பூஸ்ட் நைன்

லாரி இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவில், இஞ்சின் நின்றிருந்தால் அழுத்த மீட்டர் முள் பூஜ்யத்தில் இருக்கும். பெங்களூர் பீன்யாவில் ஒரு டர்போ கம்பெனியின் டெஸ்ட் பெஞ்சுக்கு முன்னால் நின்றபடியே தலைமுடி கொட்டிப்போன என் வாழ்க்கையில் நான் சந்தேகப்படாத விஷயம் அது ஒன்றுதான். கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது. டர்போ தெரிந்த ஆள் என்ற ஒரே தகுதியில், நகரத்துக்கு வடக்கே ஒரு சின்ன விமான ஹேங்கரில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஐம்பதைத் தொடப்போகிற வயதில் ப்ரொபேஷன். இதுவும் போனால் இந்த வயதில் யாரும் கூப்பிடப்போவதில்லை. அதற்குள் நாங்கள் குடியிருக்கும் நீலசந்திராவில் என் மனைவி பாதித் தெருவுக்கு, வீட்டுக்காரர் ஏரோப்ளேன் ரிப்பேர் பண்ணுகிறார் என்று சொல்லி முடித்திருந்தாள்.

முதல் நாளே மானம் போனது. காலையிலிருந்து ஸ்டார்ட் செய்யாத பழைய விமானம் ஒன்றின் மீட்டரில் முள் இருபத்தேழில் நின்றது. நான் கையை விரித்து எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். உள்ளே பிரஷர் மாட்டிக்கொண்டிருக்கிறது, யாரும் கிட்டே போகாதீர்கள் என்றேன். லைசென்ஸ் வைத்திருந்த இஞ்சினியர் மேடம் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர், கோலார் தங்கவயல்காரர். நிதானமாக வந்து மீட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"லாரி மீட்டர் வெளிக்காத்தைக் கழிச்சிட்டுக் காட்டும், அண்ணா. இது கழிக்காது. பைப்புக்குள்ள இருக்கிற காத்தை முழுசா சொல்லும். இஞ்சின் நின்னா உள்ளயும் வெளியயும் ஒரே காத்து. பெங்களூர் மேட்டுல இருக்கு, அதனால இருபத்தேழு. மெட்ராஸ் பீச்சுல முப்பது கிட்ட வரும். எங்கப்பா வேலை செஞ்ச சுரங்கத்துக்கு அடியில இறக்கினா முப்பதைத் தாண்டிடும். அங்க டர்போவே பேடா, தேவையே இல்ல."

அந்த மீட்டர் காட்டுவது மேனிஃபோல்டு பிரஷர், அதாவது இஞ்சினுக்குள் நுழையக் காத்திருக்கும் காற்றின் அழுத்தம். விமானம் மேலே போகப்போகக் காற்று இளைக்கும். டர்போ அந்த இளைத்த காற்றைப் பிடித்துத் திணித்து, நாம் இன்னும் தரையில்தான் இருக்கிறோம் என்று இஞ்சினை நம்பவைக்கும். எல்லாம் சரியாகப் போகிறது என்று நானும் வீட்டில் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். கழிக்காதே, முழுசாகச் சொல் என்று சிவாஜிநகர் பஸ்ஸில் தினமும் முணுமுணுத்துப் பாடம் செய்தேன். பக்கத்து இருக்கைக்காரர் நான் ஜபம் செய்கிறேன் என்று நினைத்துக் காலை மடக்கி இடம்விட்டார். புத்தி மாறியது. வாய் மட்டும் பீன்யாவிலேயே நின்றுவிட்டது.

அது தெரியவந்த நாள் ஒன்று வந்தது. மறுநாள் காலை அந்தப் பழைய விமானம் சர்வே வேலைக்குக் கிளம்ப வேண்டும். தரையிலேயே நிறுத்தி இஞ்சினை முழு சக்தியில் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. மேடம் இடது சீட்டில், பிரேக்கில் கால், த்ராட்டிலில் கை, கண் வெப்ப மீட்டரிலும் வெளியிலும். பழைய விமானம் என்பதால் அழுத்த மீட்டர் வலது பக்கம், என் மூக்குக்கு நேரே. வாசித்துச் சொல்வது மட்டும்தான் என் வேலை. முள் முப்பத்தாறைத் தொட்டது. அதுதான் சிவப்புக்கோடு.

"பூஸ்ட் எவ்வளவு?" என்று ஹெட்செட்டில் கேட்டார்.

லாரியில் பூஸ்ட் என்றால் வெளிக்காற்றைக் கழித்த மீதி. அந்தச் சொல் காதில் விழுந்ததுமே என்னுள் இருந்த லாரிக்காரன் விழித்துக்கொண்டான். முப்பத்தாறில் இருபத்தேழைக் கழித்தான். பெருமையாகச் சொன்னான்:

"நைன், மேடம்."

விமானக்காரர்கள் அவசரத்தில் முன்னால் இருக்கும் எண்ணை விழுங்கி, ட்வென்டி நைனை வெறும் நைன் என்பார்கள். அவருக்கு அது இருபத்தொன்பது. சரிதான், இன்னும் வேண்டும் என்று த்ராட்டிலைத் தள்ளினார். முள் சிவப்புக்கோட்டைத் தாண்டிப் போனது. கத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் உடம்பில் வாயும் கண்ணும் ஒரே சுவிட்சில் இருக்கின்றன போலிருக்கிறது, இரண்டும் சேர்ந்து மூடிக்கொண்டன. இருட்டில் இஞ்சின் சத்தம் முரடாக மாறுவதைக் கேட்டேன். அதைக் கேட்டு மேடம்தான் த்ராட்டிலை இழுத்தார்.

இஞ்சின் நின்றது. மேடம் மேனுவலை எடுத்து ஓவர்பூஸ்ட் பக்கத்தைப் புரட்டினார். கோட்டை இவ்வளவுதான் தாண்டியது, இத்தனை நொடிதான் என்றால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பறக்கலாம். அதற்கு மேல் என்றால் இஞ்சினுக்குள் பார்க்காமல் பறக்கக் கூடாது. எதுவும் பதிவாகாத பழைய மீட்டர். பார்த்த ஒரே சாட்சி நான்.

"எது வரைக்கும் போச்சுண்ணா?"

முப்பத்தேழு என்று சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காலையில் விமானம் கிளம்பும், என் வேலையும் இருக்கும். அந்த விமானத்தில் இரண்டு பேர் ஏறுவார்கள். மலைக்கு மேலே எங்கோ பிஸ்டன் உருகுவதை என் மண்டை சினிமா மாதிரி ஓட்டியது. எனக்கு எதையும் அரைகுறையாகக் கற்பனை செய்யத் தெரியாது, பயப்படுவதில் மட்டும் நான் நிபுணன்.

"தெரியாது மேடம். கண்ணை மூடிட்டேன்."

"மூடிட்டீங்களா?"

"ரெண்டையும்."

அவர் மேனுவலை மூடினார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். போனில் முதலாளியிடம் கன்னடத்தில் பேசினார்: ரீடிங் தெரியவில்லை, அதிகபட்சம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும், நாளைக்கு விமானம் போகாது. யார் வாசித்தது என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே கேட்டது. பூஸ்ட் என்று தப்பான வார்த்தையில் கேட்டது நான்தான் சார் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ப்ளக்குகளைக் கழற்றச் சொன்னார்.

ஸ்பார்க் ப்ளக் ஓட்டைவழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தோம். பிஸ்டன் தலையில் மணல் கொத்தியதுபோல் குழி இருந்தால் கதை முடிந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான் ஒரு சாமியைப் பிடித்தேன். ஆறு சிலிண்டர், கடைசியில் சாமிகள் போதாமல் வேளாங்கண்ணிக்கும் வேண்டிக்கொண்டேன். ரிங், பேரிங், டர்போ என்று எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நாலைந்து நாள் ஆனது. ஒரு கீறலும் இல்லை.

"இஞ்சின் தப்பிச்சிடுச்சு. நீங்க இன்னும் இல்ல. சார் கூப்பிடறாரு," என்றார் மேடம்.

முதலாளியின் அறையில் நாற்காலி இருந்தும் நான் உட்காரவில்லை. சர்வே வேலை கைவிட்டுப் போனதை மெதுவான குரலில் சொன்னார். இன்னொரு முறை இப்படி நடந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். கண்ணைத் திறந்து வைத்திருப்பேன் சார், வாய்க்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது என்றேன். அது வேடிக்கையாகச் சொன்னதில்லை, பயத்தில் வந்த உண்மை. அவர் சிரிக்கவில்லை. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ப்ரொபேஷனை இன்னும் ஆறு மாதம் நீட்டினார்கள். வீட்டில் அதைப் பதவி உயர்வு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.