கண்டறியாத மேஜர்

எங்கள் வீட்டில் 'மேஜர்' என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ரூஜ் என்ற இடத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் சாமி அறையில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், அம்மாவின் தம்பியின் படம் இருக்கிறது. இருபது வயதுகூட ஆகாத முகம். படத்தின் கீழே 'மேஜர்' என்று போட்டு, அதற்குப் பிறகுதான் பெயர். நாங்கள் விட்டுவந்த ஊரில் சண்டை நடந்த காலத்தில் இயக்கத்துக்குப் போனவர் அந்த மாமா. செத்த பிறகு அவருக்குக் கொடுத்த பதவி அது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அன்றைக்கு வாயைத் திறந்தேன் என்று சொன்னால் பொய். பதினெட்டு வயதில் நான் எதைத்தான் யோசித்துப் பேசினேன்?

இங்குள்ள இராணுவக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. பதின்மூன்று வயதிலிருந்து, இராணுவம் பிள்ளைகளுக்கு நடத்தும் கடேற் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாரணியம் மாதிரி ஏதோ என்று நினைத்துத்தான் அம்மா அனுப்பினார். அவருக்கு விஷயம் விளங்கியபோது கல்லூரிக் கடிதமே வந்துவிட்டது. ஒரு கிழமை என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அப்பாவுக்குப் பிறம்ரன் நகரில் வெயார்ஹவுஸ் வேலை. மகளுக்கு நிரந்தரமான கவுண்மென்ற் வேலை என்பதில் அவருக்குப் பெரிய சந்தோஷம், புளுகம்.

என்ன பாடத்தில் பட்டம் படிக்கப் போகிறாய் என்ற கேள்விக்குப் படிவத்தில் 'இன்னும் தீர்மானிக்கவில்லை' என்று போட்டிருந்தேன். ஜூலையில் ஈமெயில் வந்தது, வெள்ளிக்கிழமைக்குள் தீர்மானிக்கச் சொல்லி. பட்டப்படிப்பின் முதன்மைப் பாடத்தை இங்கே மேஜர் என்பார்கள். அம்மா குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள நான் மேஜர் எடுக்கவேணுமாம்."

கத்தி நின்றது.

"மேஜரோ? அதை ஏன் இப்பவே தருகினம்? அது செத்தாப்பிறகெல்லோ குடுக்கிறது?"

நான் சிரித்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

"ஐயோ அம்மா, அது பதவி இல்லை. பாடம். ஹிஸ்ட்ரி, கெமிஸ்ட்ரி மாதிரி."

"கண்டறியாத மேஜர்! பாடம் எண்டா பாடம் எண்டு சொல்லன். என்ன இளிப்பு உனக்கு? உயிரோட இருக்கேக்க அவனை ஒருத்தரும் மேஜர் எண்டு கூப்பிடேல்லை. கேட்டியே? ஒருத்தரும்."

கத்தரிக்காயை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கழுவினார். பிறகு எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என்னென்ன பாடம் இருக்கிறது, வாசி என்றார்.

"எஞ்சினியரிங் எண்டு போடு பிள்ளை. வேலையிடத்தில எல்லாரிட்டையும் சொல்லிப்போட்டன்" என்று ஹோலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"நீங்கள் சும்மா இருங்கோ" என்றார் அம்மா. "எந்தப் பாடம் எடுத்தா உன்னைச் சண்டைக்கு விடமாட்டினம்? அதைச் சொல்லு."

எனக்கு விருப்பம் வரலாறு. சாமி அறையில் இருக்கும் அந்தப் பெடியன் ஏன் போனான் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. புத்தகத்திலாவது இருக்கும் என்று நம்பினேன். இதை அம்மாவிடம் அன்றே சொல்லியிருக்கலாம். சிரித்த வாயால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

படிக்கும் பாடத்துக்கும் பிறகு அனுப்பும் இடத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

"கெமிஸ்ட்ரி எடுத்தா லாப்புக்குள்ளதான் வேலை அம்மா" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, கெமிஸ்ட்ரி என்று தெரிவுசெய்து அனுப்பினேன். அம்மா சாமி அறைக்குப் போய்த் திருநீறு எடுத்துவந்து என் நெற்றியில் பூசினார். அன்றைக்கு என்னைக் கொஞ்சினார்கூட.

நாலு வருடம் அந்தக் கெமிஸ்ட்ரி என் உயிரை வாங்கியது. இரண்டு பாடம் கோட்டைவிட்டுத் திரும்ப எழுதினேன். வரலாறு படித்தவர்கள் சாப்பாட்டு மேசையில் வாய் ஓயாமல் தர்க்கம் பண்ணுவார்கள். நான் எரிச்சலில் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவேன். பாடத்தை மாற்றியிருக்கலாமே என்று என் கூட்டாளி ஒருத்தி இப்போதும் கேட்கிறாள். லேசாகக் கேட்கலாம். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே அம்மா கேட்பது ஒன்றுதான்: "இன்னும் கெமிஸ்ட்ரிதானே?" ஓம் என்பேன். அதற்குப் பிறகுதான் சாப்பாடு போடுவார்.

பட்டம் முடித்து மூன்றாம் வருடம் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். சண்டை நடக்கும் நாடு. அங்கே லாப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சொல்லாமல் போக முடியாது, சொன்னேன். அம்மா என் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை.

"லாப்புக்குள்ளதான் எண்டு சொன்னனி."

அவ்வளவுதான். வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஏழு மாதமும் அம்மா சரியாக நித்திரை கொள்ளவில்லை என்று அப்பா பிறகு சொன்னார். நான் ஒரு கீறலும் இல்லாமல்தான் திரும்பிவந்தேன். ஆனால் அதற்குப் பிறகு நான் சொல்லும் எதையும் அம்மா நம்புவதில்லை. சாப்பிட்டேன் என்றால்கூட என்ன கறி என்று கேட்கிறார். கோபம் வருகிறது. யார் மேல் கோபப்படுவது? படிக்காத வரலாறும் போய், படித்த கெமிஸ்ட்ரியும் மறந்து, அம்மாவின் நம்பிக்கையும் போனதற்கு என் ஒரு வசனம்தான் காரணம்.

போன மாதம் எனக்குப் பதவி உயர்வுக் கடிதம் வந்தது. கப்டனாக இருந்த நான் இனி மேஜர். கூட வேலை செய்பவர்கள் கைகொடுத்தார்கள், கேக் வெட்டினார்கள். அம்மாவுக்குச் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னால் மறுநாளே பிறம்ரன் முழுக்கத் தெரிந்துவிடும் என்று அவருக்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அம்மா போன் எடுத்தார். என்ன கறி என்று கேட்டார். சொன்னேன்.

"வேற என்ன புதினம்?"

"ஒண்டுமில்லை அம்மா" என்றேன்.

"சத்தியமா?"