தலையணைக்கும் பேட்டரி

ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர் முசுடு. வைத்துவிட்டுப் போகட்டும். தலையணைக்கு சார்ஜ் போடச் சொல்லி நாள் முழுக்க போன் கத்தினால் யார் முகம்தான் மலர்ந்திருக்கும்?

நோயாளிகள் வீட்டுக்குக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்ஸிஜன் மெஷின் எல்லாம் வாடகைக்கு விடும் கம்பெனி அது. அங்கே அவளுக்கு புரோகிராம் எழுதுகிற வேலை. எழுதுகிற வேலை என்று பேர்தான். முன்னால் இருந்த மகானுபாவன் எழுதி வைத்துவிட்டுப் போனதைக் கட்டிக்கொண்டு அழுகிற வேலை. கம்பெனியின் மெஷின் ஒன்று அவள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு நுரையீரல் சரியில்லை. அவர்கள் தெருவில் கரண்ட் நினைத்தபோதெல்லாம் போகும். போனால், மெஷினுக்குள் இருக்கும் பேட்டரிதான் அவருக்கு மூச்சு.

மகானுபாவன் செய்த காரியம் இது. புரோகிராமில் 'பொருள்' என்று ஒரு பேஸ் கிளாஸ். கட்டில், மெத்தை, தலையணை, ஊன்றுகோல், மெஷின் எல்லாம் அதன் வயிற்றில் பிறந்தவை. அதற்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைகளுக்கும் தானாக வந்துவிடும். பேட்டரி இறங்கினால் எச்சரிக்கை வர வேண்டும் என்று மேனேஜர் கேட்டதும், அந்தப் புண்ணியவான் அதைக் கொண்டுபோய் பேஸ் கிளாஸிலேயே செருகிவிட்டான். சார்ஜ் எவ்வளவு என்று கேட்டால் தலையணை என்ன பதில் சொல்லும்? பதில் வராவிட்டால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளவும் எழுதி வைத்திருந்தான். கம்பெனியில் உள்ள அத்தனை தலையணையும் சார்ஜ் இல்லாமல் தவிப்பதாக, சாமான்களை வீடுகளுக்குக் கொண்டுபோகும் டிரைவர் போனிலும் அவள் போனிலும் செய்தி வந்து குவிந்தது.

"அதை பேஸ் கிளாஸ்ல இருந்து எடுத்துடலாம் சார். தனியா ஒரு ரோலா எழுதிட்டா, பேட்டரி இருக்கிறதுக்கு மட்டும் மாட்டிவிடலாம்," என்றாள் மேனேஜரிடம்.

"எதுக்கும்மா அதெல்லாம்? தலகாணிக்கு அனுப்பாதேன்னு ஒரு வரி போட்டுடு."

போட்டாள். அடுத்து மெத்தை கத்தியது. அதற்கும் ஒரு வரி போட்டாள். ஊன்றுகோல் ஆரம்பித்தது.

"அப்போ பேட்டரி இருக்கிறதையெல்லாம் ஒரே கிளாஸுக்குக் கீழ கொண்டுவந்துடேன்."

"எப்படி சார்? மோட்டார் கட்டில், கட்டில் குடும்பத்துல இருக்கு. மோட்டார் நாற்காலி, நாற்காலி குடும்பத்துல. பொறந்த வீட்டை மாத்த முடியாது. அதது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும், கூடுதலா ஒரு வேலையை மட்டும் கையில கொடுக்கலாம். அதான் ரோல்."

"நல்ல யோசனைதான். ஆனா பேஸ் கிளாஸ்ல கை வெச்சா எல்லாம் படுத்துடும். இந்த மாசம் வேண்டாம்."

போன மாதமும் இதையேதான் சொன்னார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரோடு பேசினாலாவது திரும்பப் பேசாது. அவளும் மனுஷிதானே, ஒருநாள் தன் போனில் அந்தச் செய்திகளின் வாயை அடைத்துவிட்டாள். அப்பாடா என்று இருந்தது.

ஒரு வாரம் கழித்து டீ குடிக்க வந்த டிரைவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "நான் அதைப் பார்க்கிறதையே விட்டுட்டேம்மா. ஊன்றுகோலுக்கு எந்தப் பக்கம் வயரைச் சொருகறது?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இவரும் பார்க்கவில்லை, தானும் பார்க்கவில்லை என்றால் யார்தான் பார்க்கிறார்கள்? மேனேஜர் மீட்டிங்குக்குப் போனார். அவள் அனுமதி கேட்கவில்லை. கேட்டுக் கிழித்ததெல்லாம் போதும். 'பேட்டரி உள்ளது' என்று ஒரு ரோல் எழுதினாள். அதை மாட்டிக்கொள்வது எதுவானாலும், தன் சார்ஜ் எவ்வளவு என்று தானே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் புரோகிராம் கிளம்பவே கிளம்பாது. மோட்டார் கட்டில், மோட்டார் நாற்காலி, ஆக்ஸிஜன் மெஷின், இந்த மூன்றுக்கு மட்டும் மாட்டினாள். பேஸ் கிளாஸில் இருந்ததை வழித்து எறிந்தாள். எதுவும் படுக்கவில்லை. இதற்கா இத்தனை நாள் இழுத்தடித்தார் இந்த மனுஷன்?

திரையில் குவிந்து கிடந்த எச்சரிக்கைகள் மளமளவென்று மறைந்தன. இரண்டே இரண்டு மிஞ்சின. ஒன்று கிடங்கில் சும்மா கிடக்கும் மோட்டார் நாற்காலி. மற்றொன்று ஆக்ஸிஜன் மெஷின். பேட்டரி செத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. முகவரியைப் பார்த்தாள்.

டிரைவருக்கு போன் போட்டாள். "அண்ணே, ஆக்ஸிஜன் மெஷினுக்குப் புது பேட்டரி ஒண்ணு எடுத்துக்கிட்டு உடனே கிளம்புங்க."

"இது நெஜமாவே பேட்டரிதானாம்மா?"

"நெஜம்தாண்ணே."

"எந்த வீடு?"

"எங்க வீடு," என்றாள். "கரண்ட் போறதுக்குள்ள போயிடுங்கண்ணே."